படியெடுத்துக் காத்தல்: கண்டி கூறும் பாடம்



சில கிழமைகளுக்கு முன்னர், என்னிடம் கல்வி பயின்று இப்பொழுது கண்டி நகரிலே இல்லறம் நடத்தும் அன்பர் ஒருவர் என்னைக் காண வந்தார். அவருடைய தமையனார் கனடாவில் வாழ்கின்றார். தாயாரின் உடன்பிறந்தார் நீலகிரி மாவட்டத்துக் கோத்தகிரியில் வாழ்கின்றனர். குடும்பத்தின் நிழற்படங்கள், பிறப்பத்தாட்சிப் பத்திரங்கள், காணி உறுதிகள், பாட்டியாரின் குரலைப் பதிவு செய்த ஒலிநாடாக்கள் ஆகியவற்றையெல்லாம் மின்வடிவில் மாற்றி ஓரிடத்திலே வைக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். மூன்று ஊர்களில் உள்ள உறவினரும் தத்தம் இல்லத்திலிருந்தே அவற்றைப் பார்க்க வேண்டும் என்பதும் அவர் எண்ணம். வீட்டு இணைய வலையோடு பொருத்தி வைக்கும் சேமிப்புப் பெட்டிகள் பல இக்காலத்தில் விற்பனைக்கு வருகின்றன. “சேர், அவற்றுள் எந்தப் பெட்டியை வாங்குவது?” என்று அவர் வினவினார்.

நான் கலைப் பட்டதாரி. பொறியியல் பயின்றவன் அல்லேன். எனினும் அவ்வினாவைக் கேட்டதும், இஃது இன்று நேற்றுத் தோன்றிய வினா அன்று என்பதே முதலில் என் நினைவுக்கு வந்தது. அறிவை எதில் எழுதுவது, எத்தனை படிகள் எடுப்பது, அவற்றை எங்கெங்கே வைப்பது, வேண்டியபோது எவ்வாறு பெறுவது என்னும் கேள்விகளுக்குக் கண்டியும் அதன் சுற்றுப்புறமும் இரண்டாயிரம் ஆண்டுகளாக விடை கண்டு வந்துள்ளன. சில வேளைகளில் அவ்விடை சரியாயிற்று. சில வேளைகளில் பிழைத்தது. அவ்வரலாற்றைச் சிறிது நோக்கிய பின்னர் அன்பருடைய பெட்டிக்கு வருவோம்.

கண்டியிலிருந்து வடக்கே மாத்தளைக்குச் சென்று, அந்நகரைக் கடந்து சற்றுத் தொலைவு போனால், சாலையின் ஓரமாகப் பெரும் பாறைகளுக்கிடையே அலுவிகாரை என்னும் குகைக்கோயில் இருப்பதைக் காணலாம். கிறித்துவுக்கு முற்பட்ட முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் என்னும் வலகம்பா மன்னன் காலத்தில், பௌத்த மறைகளாகிய திரிபிடகம் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பட்டது இங்கேதான் என்பது மரபு. அதுகாறும் அந்நூல்கள் துறவிகளின் மனத்திலேயே இருந்தன. ஒவ்வொரு பகுதியையும் ஒவ்வொரு குழுவினர் மனப்பாடமாகக் கொண்டு, ஆசிரியரிடமிருந்து மாணாக்கருக்கு வாய்மொழியாக வழங்கி வந்தனர்.

அந்த ஏற்பாடு குறைபாடுடையது என்று நாம் கருதிவிடலாகாது. ஒரே நூலைப் பலர் சேர்ந்து ஓதும்போது ஒருவர் தவறினால் மற்றவர் திருத்துவர். நம் முன்னோர் வேதத்தைக் காத்ததும் இம்முறையினாலேயே. ஆனால் வலகம்பா மன்னன் காலத்தில் நாட்டிலே படையெடுப்பும் கொடிய பஞ்சமும் ஒருங்கே நேர்ந்தன. துறவிகள் பலர் பசியால் மடிந்தனர். பலர் கடல் கடந்து சென்றனர். ஒரு பகுதியை மனப்பாடமாக அறிந்தவர் சிலரே எஞ்சிய நிலையும் உண்டாயிற்று. அவரும் மறைந்தால் நூலும் மறையும் என்னும் அச்சமே எழுத்தாணியை எடுக்கச் செய்தது. வாய்மொழி ஒரு வகைக் காப்பு. ஏடு வேறொரு வகைக் காப்பு. முன்னதை அழிக்கும் பஞ்சம் பின்னதை அழிக்காது. பின்னதை அரிக்கும் கறையான் முன்னதைத் தீண்டாது. ஒரு பொருளை இருவேறு வகையான கலங்களில் வைக்க வேண்டும் என்பது இவ்வரலாற்றின் முதற் பாடம்.

ஏடுகள் எத்தகையன என்பதையும் இங்குக் கூறல் வேண்டும். யாழ்ப்பாணத்திலும் தமிழ்நாட்டிலும் பனையோலை பெருவழக்கு. கண்டி நாட்டிலோ தாளிப்பனையின் அகன்ற ஓலையே சிறந்ததாகக் கொள்ளப்பட்டது. இம்மரம் தன் வாழ்நாளில் ஒருமுறை மட்டுமே பூத்துக் காய்த்து மடிவது. பேராதனைப் பூந்தோட்டத்துக்குச் சென்றவர்கள் இதனைக் கண்டிருப்பர். குருத்தோலையை வேகவைத்து, உலர்த்தி, தேய்த்து மெருகேற்றி, எழுத்தாணியால் கீறி, கரியும் எண்ணெயும் கலந்த மையைப் பூசித் துடைத்தால் எழுத்துகள் தெளிவாகத் தோன்றும். நன்கு பேணிய ஏடு சில நூற்றாண்டுகள் நிற்கும். பேணாத ஏடு, கண்டியின் ஈரக் காற்றிலும் மழையிலும் சில தலைமுறைக்குள் பூச்சிக்கு இரையாகும்.

ஆகவே ஏட்டைக் காப்பதென்றால் அதனை மீண்டும் மீண்டும் படியெடுப்பதே. ஒருமுறை எழுதிப் பெட்டியில் பூட்டிவிட்டால் கடமை முடிந்தது என்று அக்காலத்தவர் எண்ணவில்லை. படியெடுத்த பின்னர் மூலத்தை ஒருவர் வாசிக்க, படியை மற்றொருவர் ஒப்புநோக்குவதும் வழக்கம். ஒப்புநோக்காத படியில் ஏடெழுதியோன் செய்த பிழைகள் பெருகும். டாக்டர் உ. வே. சாமிநாதையரும், யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பிக்கப் புகுந்தபோது, ஊர் ஊராகச் சுவடிகளைத் தேடித் திரிந்தது இதன் பொருட்டே. ஓரூர்ச் சுவடியில் சிதைந்த அடி மற்றோரூர்ச் சுவடியில் முழுமையாகக் கிடைத்தது. 1887 ஆம் ஆண்டில் பிள்ளையவர்கள் கலித்தொகையையும், ஐயரவர்கள் சீவக சிந்தாமணியையும் அச்சிட்டு வெளியிட்டனர். ஒரே சுவடி மட்டும் எஞ்சி, அதுவும் பதினெட்டாம் பெருக்கில் ஆற்றோடு போன நூல்களின் பெயர்களே இன்று நமக்குத் தெரிகின்றன, நூல்கள் கிடைத்தில.

இனி இரண்டாம் பாடம், படியை எங்கே வைப்பது என்பது. இதற்குக் கண்டி அரசின் வரலாற்றிலேயே சிறந்த சான்று உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், இலங்கையில் முறைப்படி உபசம்பதா என்னும் உயர்துறவு பெற்ற துறவிகள் இல்லாத நிலை ஏற்பட்டது. உயர்துறவு பெற்றோர் குறித்த எண்ணிக்கையில் கூடியிருந்தாலன்றிப் பிறருக்கு அத்துறவை வழங்குதல் இயலாது. எனவே மரபு ஒருமுறை அறுந்தால் நாட்டிற்குள்ளேயே அதனை மீட்க வழியில்லை. வெலிவிட்ட சரணங்கரர் என்னும் துறவி இதற்காகப் பல்லாண்டு உழைத்தார். மதுரை நாயக்கர் தொடர்புடைய வமிசத்தில் வந்த ஸ்ரீ விஜய ராஜசிங்கன் 1741 ஆம் ஆண்டிலே சீயத்துக்கு ஒரு தூது அனுப்பினான். கப்பல் கடலில் உடைந்தது. இரண்டாவது தூதும் பயன் தரவில்லை. பின்னர் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் அனுப்பிய தூது ஒல்லாந்தருடைய கப்பல் உதவியோடு சீயத்தை அடைந்தது. 1753 ஆம் ஆண்டில் உபாலி தேரரும் உடன் வந்த துறவிகளும் கண்டியை அடைந்து, மரபை மீண்டும் நிறுவினர். இலங்கையில் கிடைக்காதிருந்த நூல்கள் சிலவும் அங்கிருந்து வந்தன. மல்வத்தை, அஸ்கிரிய என்னும் இரு பெரும் பீடங்களும் இன்றுவரை அம்மரபிலேயே நிற்கின்றன.

இதிற் சிந்திக்கத்தக்கது ஒன்று உண்டு. சீயத்தின் துறவு மரபுதானும் பல நூற்றாண்டுகளுக்கு முன்னர் இலங்கையிலிருந்து சென்ற மரபின் கிளையே. இலங்கை தன் படியை அந்நாட்டிலே வைத்திருந்தது என்றே சொல்லலாம். இங்கே மூலம் அழிந்தபோது, அங்கிருந்த படி திரும்பி வந்தது. அது வந்த காலமும் கவனிக்கத்தக்கது. 1767 ஆம் ஆண்டில் சீயத்தின் தலைநகராகிய அயோத்தியா பர்மியப் படையினரால் எரித்து அழிக்கப்பட்டது. கண்டியின் தூது இன்னும் பல ஆண்டு தாமதித்திருந்தால், அந்நகரை அடைந்தோர் சாம்பலையே கண்டிருப்பர். படி தொலைவிலிருந்தால் மட்டும் போதாது. காலந்தாழ்த்தாது அதனைப் புதுப்பித்துக்கொள்ளவும் வேண்டும்.

படிகள் ஓரிடத்திலேயே குவிந்திருந்தால் நேரும் கேட்டுக்கும் நம் நாட்டிலே சான்றுகள் உள்ளன. 1848 ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சியை ஆங்கிலப் படை அடக்கியபோது, அலுவிகாரையின் பழைய நூலகம் அழிந்தது என்பர். ஆனால் திரிபிடகம் அழியவில்லை. அதன் படிகள் இலங்கையின் பிற விகாரைகளிலும் பர்மா, சீயம் ஆகிய நாடுகளிலும் இருந்தன. 1981 ஆம் ஆண்டு மே 31 ஆம் நாள் இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோதோ, சுமார் 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் அழிந்தன. வேறிடங்களில் படியுள்ள அச்சு நூல்களைப் பிற்காலத்தவர் மீண்டும் தேடிச் சேர்க்க முடிந்தது. வேறெங்கும் படியில்லாத சுவடிகளை எவராலும் மீட்க முடியவில்லை. அவ்விழப்பை உணர்ந்த தலைமுறையினரே 2005 ஆம் ஆண்டில் நூலகம் என்னும் மின்னூலகத்தைத் தொடங்கி, ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் மின்படிகளாக்கி எவரும் எங்கிருந்தும் வாசிக்க வைத்தனர்.

நேயர்களே, இதுவரை கூறியவை மன்னரும் மடங்களும் நூலகங்களும் பற்றியவை. எளிய குடும்பத்தினருக்கு இத்தகைய காப்பு எதற்கு என்று சிலர் கேட்கலாம். மலையகத்திற் பிறந்தோர் அவ்வாறு கேட்கமாட்டார். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், இந்நாட்டிற் பிறந்த ஒருவர் தம் தந்தையும் இங்கே பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் அவர்தம் தந்தையும் இங்கே பிறந்தவர்கள் என்றோ காட்டும்படி கேட்டது. தோட்டத்து லயத்தில் பிறந்து, கொழுந்து பறித்து, அங்கேயே மடிந்தோரின் பிறப்புகளுக்கு முறையான பதிவுகள் பெரும்பாலும் இல்லை. மறு ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டமோ, மணமானவர் ஏழு ஆண்டும் மணமாகாதவர் பத்து ஆண்டும் இடையறாது இந்நாட்டில் வாழ்ந்ததற்குச் சான்று கேட்டது. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் அளிக்கப்பட்டன. குடியுரிமை பெற்றோர் சுமார் 1,34,000 பேரே.

மறுக்கப்பட்டதற்கு அரசியல் காரணங்கள் பல உண்டு. அவற்றைத் தாளின் குறைபாடாக மட்டும் கூறிவிடுதல் நேர்மையாகாது. எனினும் ஒரு குடும்பத்தின் கையில் எந்தத் தாள் இருந்தது, எது இல்லை என்பது அக்குடும்பத்தின் வாழ்வையே திருப்பியது. தோட்டத்துச் செக்ரோலில் ஒரு வரி, பாடசாலைச் சேர்விடாப்பில் ஒரு பெயர், கூப்பன் புத்தகம் ஒன்று ஆகியவை பொன்னினும் விலையுயர்ந்தனவாயின. 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 3,00,000 பேரை இலங்கை ஏற்பதென்றும் வகுத்தது. அதன்படி எண்ணற்ற குடும்பங்கள் கண்டியிலிருந்து இரயிலேறித் தலைமன்னார் சென்று, அங்கிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பலேறின. ஒரே வீட்டில் அண்ணன் அக்கரையிலும் தம்பி இக்கரையிலும் ஆயினர். இந்நாட்டிலே நாடற்றவர்களாக எஞ்சியோரின் குடியுரிமைக்கு வழிசெய்த சட்டம் 2003 ஆம் ஆண்டிலேயே நிறைவேறியது.

நான் முன்னர்ப் பணியாற்றிய தோட்டப் பாடசாலை ஒன்றிலே, முதியவர் ஒருவர் தாம் படித்ததற்கான சான்று கேட்டு வந்தார். அலமாரியைத் திறந்து பார்த்தேன். அவர் படித்த ஆண்டுகளுக்குரிய சேர்விடாப்பின் நடுப்பகுதி கறையானால் மண்ணாகியிருந்தது. அட்டைகள் இரண்டும் நன்றாகவே இருந்தன. அவர் சினங்கொள்ளவில்லை. “பரவாயில்லைங்க சேர், நான் படிச்சது எனக்குத் தெரியும்” என்று கூறிச் சென்றார். அந்த இடாப்புக்கு வேறு படி இருந்ததில்லை. அன்று முதல், எந்த ஆவணத்தைக் கண்டாலும் இதற்குப் படி எங்கே என்று கேட்பது என் வழக்கமாயிற்று.

இனி, அன்பர் கேட்ட பெட்டிக்கு வருவோம். காந்தத் தட்டிலே செய்தியை எழுதிவைக்கும் முறை 1956 ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட இயந்திரத்தோடு வழக்குக்கு வந்தது. இரண்டடி விட்டமுள்ள ஐம்பது தட்டுகள் அதில் சுழன்றன. அவையனைத்தும் சேர்ந்து ஐம்பது இலட்சம் எழுத்துகளையே தாங்கின. இன்று கைப்பேசியில் எடுக்கும் நல்ல நிழற்படம் ஒன்றுக்கே அவ்விடம் போதுமோ போதாதோ! 1988 ஆம் ஆண்டில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிலி வளாகத்தைச் சேர்ந்த பற்றர்சன், கிப்சன், காற்ஸ் ஆகிய மூவர், மலிவான பல தட்டுகளைக் கூட்டாக இயங்கச் செய்து, ஒன்று பழுதானாலும் செய்தி இழக்கப்படாதவாறு காக்கும் முறைகளை வகுத்து ஒரு கட்டுரை எழுதினர். இன்று வீட்டில் வைக்கும் சிறு சேமிப்புப் பெட்டி அவ்வழியில் வந்ததே. இரண்டு தட்டுகள் உடைய பெட்டியில் ஒன்றில் எழுதுவதை மற்றொன்றிலும் அப்படியே எழுதச் செய்யலாம். நான்கு தெராபைற்று அளவுள்ள இரண்டு தட்டுகளை இவ்வாறு அமைத்தால், நமக்குக் கிடைப்பது நான்கு தெராபைற்றே. மற்ற நான்கும் அதன் நிழல்.

இங்கேதான் பலரும் மயங்குகின்றனர். இரண்டு தட்டு இருப்பதால் இரண்டு படி உண்டு என்று எண்ணிவிடுகின்றனர். அஃது அவ்வாறன்று. ஒரு தட்டு தேய்ந்து பழுதானால் மற்றது காக்கும் என்பது உண்மை. ஆனால் குழந்தை தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால், அந்நொடியே இரண்டிலும் அது அழியும். மின்னல் தாக்கினாலும், திருடன் தூக்கிச் சென்றாலும், வீட்டில் தீப்பற்றினாலும் இரண்டும் ஒருங்கே போகும். ஒரே அறையில் ஒரே ஏட்டை இரண்டு எழுத்தர் எழுதுவது போன்றது இது. எழுதுவோன் ஒருவன் நோயுற்றால் வேலை நில்லாது. விகாரை எரிந்தால் இரண்டும் எஞ்சா. 2025 ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டிட்வா சூறாவளி கொணர்ந்த பெருமழையில் கண்டி மாவட்டத்தில் மலைகள் சரிந்து, உயிர்களும் வீடுகளும் மண்ணுள் மறைந்ததை நாம் கண்டோம். வீடு போகும்போது வீட்டிலுள்ள அனைத்தும் போகும்.

பெரிய நிறுவனங்கள் இப்பாடத்தை மறந்து பட்ட துன்பங்களும் பல. 2023 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் இலங்கை அரசின் மேகக் கணினியைப் பணயத் தீநிரல் தாக்கியது. சுமார் 5,000 மின்னஞ்சல் முகவரிகளுக்குரிய மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான அஞ்சல்கள் மீளவில்லை. அக்காலத்துக்கு வலையினின்றும் பிரித்து வைத்த படி இருக்கவில்லை. 2025 செப்டெம்பரில் தென்கொரியாவின் தேஜொன் நகரத்து அரச கணினி நிலையத்தில் தீப்பற்றி, அரச ஊழியர் பயன்படுத்திய 858 தெராபைற்று அளவுள்ள சேமிப்பு அழிந்தது. அதற்கும் வேறிடத்தில் படி இல்லை. இத்தனைக்கும் அவை திறமைமிக்க பொறியியலாளர் பலர் காத்து நின்ற நிலையங்கள்.

தொலைவிலிருந்து பார்க்கும் வசதிக்கும் ஒரு விலை உண்டு. கோத்தகிரியில் உள்ள அத்தை வீட்டார் திறக்கக்கூடிய கதவை, முறையாகப் பூட்டாவிட்டால், முன்பின் அறியாதவரும் திறப்பர். 2021 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், வெஸ்டேர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் ‘மை புக் லைவ்’ என்னும் பழைய சேமிப்புப் பெட்டியை இணையத்தோடு இணைத்து வைத்திருந்த பலர், ஒருநாள் காலையில் அவை வெறுமையாய் இருக்கக் கண்டனர். அப்பெட்டிக்கு 2015 ஆம் ஆண்டுக்குப் பின்னர் பாதுகாப்புத் திருத்தம் எதுவும் வரவில்லை. 2022 சனவரியில் ‘டெட்போல்ட்’ என்னும் பணயத் தீநிரல், இணையத்துக்கு நேரே திறந்து கிடந்த கியூநாப் பெட்டிகள் ஆயிரக்கணக்கானவற்றைப் பூட்டி, உடையவரிடமே பணம் கேட்டது. பெட்டி வாங்கியவர்கள் தம் பொருளைக் காக்கவே வாங்கினர் என்பது இதில் வருந்தத்தக்கது.

இவற்றையெல்லாம் எடுத்துரைத்த பின்னர், அன்பருக்கு நான் கூறிய யோசனைகள் இவை. முதலாவதாக, பெட்டியின் வேகத்தையும் வெளித்தோற்றத்தையும் பார்த்து மயங்காது, அதனைச் செய்தவர் எத்தனை ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தங்கள் தருவர், பழுதானால் தட்டை மாற்றித் தருவார் இந்நாட்டில் உண்டா என்பவற்றை விசாரித்துக்கொள்ளுங்கள். குடும்பம் ஒன்றுக்கு இரண்டு தட்டுள்ள பெட்டி போதும். இடைவிடாது ஓடுவதற்கென்றே செய்த தட்டுகளை வாங்குங்கள். அழித்த கோப்பையும் மாற்றிய கோப்பையும் பழைய நிலைக்கு மீட்கும் வசதி, அதாவது முந்திய நாள்களின் நிலையைப் பதிந்து வைக்கும் வசதி, பெட்டியில் இருத்தல் வேண்டும்.

இரண்டாவதாக, பெட்டியை வாங்கும் பணத்தோடு, வெளியே இணைக்கும் தனித் தட்டு இரண்டுக்கும் பணம் ஒதுக்குங்கள். ஒன்றில் கிழமைதோறும் படியெடுத்து, எடுத்தவுடன் இணைப்பைக் கழற்றி அலமாரியில் வையுங்கள். இணைப்பில் இல்லாத தட்டைத் தீநிரல் தொடாது. மற்றொன்றில் படியெடுத்து வேறூரில் உள்ள உறவினர் வீட்டில் வையுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை வாங்கி வாருங்கள். மூன்று படிகள், இரு வேறு கலங்கள், ஒன்று வெளியூரில் என்னும் இவ்விதியை இக்காலத்து அறிஞர் மூன்று–இரண்டு–ஒன்று என்பர். அலுவிகாரையும் அயோத்தியாவும் நமக்குச் சொன்னதும் அதுவே.

மூன்றாவதாக, தொலைவிலிருந்து பார்க்கும் வழியை எச்சரிக்கையாக அமையுங்கள். பெட்டியை இணையத்தின் எதிரே நேராகத் திறந்து வைத்தல் ஆகாது. மறைகுறி இட்ட தனிவழி ஒன்றின் ஊடாக மட்டுமே உறவினர் வரவேண்டும். ஒவ்வொருவருக்கும் தனிப் பெயரும் தனிக் கடவுச்சொல்லும் கொடுத்து, கைப்பேசிக்கு வரும் இரண்டாம் உறுதிப்பாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அத்தை மாமாவுக்குப் பார்க்கும் உரிமை போதும். அழிக்கும் உரிமை வேண்டுவதில்லை. வீட்டிலிருந்து வெளியே அனுப்பும் இணைய வேகம், உள்ளே பெறும் வேகத்தினும் பெரும்பாலும் குறைவு. ஆகவே ஒளிக்காட்சிகள் கனடாவில் மெதுவாகத் திறந்தால் பெட்டியின் மேல் குறை கூறாதீர்கள்.

நான்காவதாக, நம் ஊர் இயல்பை மறவாதீர்கள். கண்டியிலே மார்ச், ஏப்ரில் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலில் இடியும் மின்னலும் மிகுதி. 2022 ஆம் ஆண்டிலே நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததையும் நாம் அறிவோம். சுழலும் தட்டுக்குத் திடீரென மின்சாரம் நிற்பது நல்லதன்று. எனவே மின்கலத்தோடு கூடிய மின்காப்புக் கருவியையும், மின்னற் காப்பையும் சேர்த்தே வாங்குங்கள். ஈரம் தங்காத, காற்றோட்டமுள்ள, தரையினின்றும் உயர்ந்த இடத்தில் பெட்டியை வையுங்கள்.

ஐந்தாவதாக, ஒப்புநோக்குதலை விட்டுவிடாதீர்கள். ஆண்டுக்கு இருமுறையேனும், படியிலிருந்து சில கோப்புகளை வேறொரு கணினியில் மீட்டுத் திறந்து பாருங்கள். மீட்டுப் பார்க்காத படி இருக்கிறதா இல்லையா என்பது எவருக்கும் தெரியாது. என் அலமாரியில் இருந்த சேர்விடாப்பும் அட்டையைப் பார்த்தவரை நன்றாகவே இருந்தது. இன்றியமையாத பத்திரங்களைத் தாளிலும் படியெடுத்து வைத்தல் நன்று. கடவுச்சொல்லும் திறக்கும் முறையும் வீட்டில் ஒருவருக்கு மட்டும் தெரிந்திருத்தல் கூடாது. அவர் மறைந்தால், மனப்பாடம் அறிந்த கடைசித் துறவி மறைந்தது போலாகும்.

இவ்வளவும் செய்ய வசதியில்லாதோர் வருந்த வேண்டுவதில்லை. சேமிப்புப் பெட்டி வாங்காமலே, சிறிய தனித் தட்டுகள் இரண்டு வாங்கி, ஒன்றை வீட்டிலும் மற்றொன்றைத் தங்கை வீட்டிலும் வைத்து, மாதந்தோறும் புதுப்பித்து வருவோர், விலையுயர்ந்த பெட்டியொன்றை வாங்கி மூலையில் வைத்துவிட்டு மறந்தவரினும் நன்கு காத்தவர் ஆவர். தொலைவிலிருந்து பார்க்கும் வசதி அவர்களுக்கு இராது. ஆனால் பொருள் இருக்கும். இரண்டையும் ஒருங்கே பெற முடியாதபோது, காப்பையே முதலிற் கொள்ளல் வேண்டும்.

அன்பர் என் சொற்களைக் கேட்டு, இரண்டு தட்டுள்ள பெட்டியொன்றையும் வெளித்தட்டுகள் இரண்டையும் வாங்கினார். வெளித்தட்டுகளில் ஒன்று இப்பொழுது கம்பளையில் அவருடைய மாமனார் வீட்டில் இருக்கின்றது. சென்ற கிழமை அவர் தொலைபேசியில் பேசினார். அவருடைய பாட்டனாரின் பெயர் எழுதிய பழைய கப்பற் பயணச் சீட்டு ஒன்றைக் கோத்தகிரியில் உள்ள உறவினர் படமெடுத்துப் பெட்டிக்கு அனுப்பியிருந்தனராம். அதன் மறுபாதியாகிய பிரிவுக் கால நிழற்படம் கண்டியில் றங்குப்பெட்டிக்குள் கிடந்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக இரு கரையிலும் பிரிந்திருந்த அவ்விரண்டும் இப்பொழுது ஒரே இடத்தில் உள்ளன என்று சொன்னார்.

அவற்றுக்குப் படி எடுத்தாயிற்றா என்று கேட்டேன். எடுத்து, திறந்தும் பார்த்ததாகக் கூறினார்.

நேயர்களே, உங்கள் வீட்டு றங்குப்பெட்டியையும் இவ்வாரத்தில் ஒருமுறை திறந்து பாருங்கள்.